அந்தக் காலத்து மனுசன்

காலப் பயணக் காதல் கதைகளின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. ஒரு நூற்றாண்டைச் சேர்ந்தவன் இன்னொரு நூற்றாண்டுக்குப் போகிறான். அங்கே ஒருத்தியைக் காதலிக்கிறான். திரும்பி வருவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்று தவிக்கிறான். படிக்கிற சனங்களும் சேர்ந்து கண் கலங்குகிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் போய் இறங்குகிறவன் எங்கே இறங்குகிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஊரிலா, சேரியிலா?

1980-இல் வந்த 'சம்வேர் இன் டைம்' என்கிற அமெரிக்கப் படத்தில் ஒரு நாடக ஆசிரியன் பழைய ஓட்டல் ஒன்றில் நடிகை ஒருத்தியின் புகைப்படத்தைப் பார்த்துக் கிறங்கிப்போகிறான். தன்னைத்தானே வசியப்படுத்திக்கொண்டு 1912-க்குப் போய்விடுகிறான். எந்திரம்கூடக் கிடையாது, பழைய பாணிக் கோட்டு ஒன்று போதுமானதாக இருக்கிறது. ஓட்டலுக்குள் நடக்கிறான், அவளைக் கண்டுபிடிக்கிறான், காதலும் கைகூடுகிறது. கடைசியில் கோட்டுப் பையில் 1979 என்று அச்சிட்ட ஒரு செப்புக்காசு கிடக்கிறது. அதைப் பார்த்ததும் மயக்கம் கலைந்து சொந்தக் காலத்துக்குத் தூக்கி எறியப்படுகிறான். அறுபது எழுபது வருசத்துக்கு முந்திய உலகத்தில் அவனைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு காசைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அதே 1912-இல் ஒரு கறுப்பு ஆள் அந்த மாதிரி ஓட்டலுக்குள் விருந்தாளியாக நுழைந்து, ஒரு வெள்ளை நடிகையை விசாரித்துக்கொண்டு போயிருந்தால் அவன் பைக்குள் என்ன காசு கிடக்கிறது என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவ்வளவு தூரத்துக்கு விசயம் போயிருக்காது.

நம்ம பக்கமும் இந்த ஏக்கம் குறைச்சலில்லை. சோழர் காலத்தில் பிறந்திருக்கக் கூடாதா என்று பெருமூச்சு விடுகிற நண்பர்கள் எனக்கே இருக்கிறார்கள். குந்தவையைச் சந்திக்கக் குதிரையேறிப் போகிற கனவு. ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கணக்கெடுக்கிறபோது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் தீண்டாச்சேரியைத் தனியாகவும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருசத்துக்கு முந்தியே நான் இறங்கவேண்டிய இடத்தைக் கல்லில் குறித்து வைத்தாகிவிட்டது! ஆயிரம் வருசம்கூட வேண்டாம். 1940-களின் கீழத்தஞ்சைக்குப் போனால் போதும். சாணிப்பாலும் சவுக்கடியும் என்னவென்று தெரிந்துகொள்ளலாம். அங்கே போய் நான் யாரைக் காதலிக்க?

இதற்கு நம் ஆட்கள் ஒரு மாற்றுவழி வைத்திருக்கிறார்கள், மறுபிறவி. 1963-இல் வந்த 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தில் ஜமீன் வீட்டுப் பையனும் ஏழைப் பெண்ணும் காதலிக்க, ஜமீன்தார் குறுக்கே நிற்க, சேரமுடியாத காதல் அடுத்த பிறவிக்குப் போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மறுபிறவி எந்திரத்தை எந்தப் பட்டறையில் செய்தார்கள்? நீ சேரியில் பிறந்தது முன்வினையால் என்று சொன்ன அதே பட்டறையில். அதில் ஏறிப் போக எனக்கு இஷ்டமில்லை.

எங்கே இறங்குவது என்கிற கேள்வியை ஒரு நாவலாகவே எழுதி வைத்திருக்கிறார் ஆக்டேவியா பட்லர் என்கிற கறுப்பினப் பெண் எழுத்தாளர். 1947-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர், 2006-இல் இறந்துபோனார். அவருடைய 'கிண்ட்ரெட்' நாவல் 1979-இல் வந்தது. ரத்த உறவு, உறவுக்காரர்கள் என்று அந்தத் தலைப்புக்குப் பொருள். அமெரிக்கக் கறுப்பர் எழுத்து நமக்கு அந்நியமில்லை. 1946-இல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்சுக்குக் கடிதம் எழுதியதும், 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டதும் நமக்குத் தெரிந்தவைதான். ஆனால் இந்த நாவலைப் பற்றி நம் மத்தியில் பேச்சு குறைவு. விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்தானே என்று விட்டிருக்கலாம்.

கதை இதுதான். டானா என்கிற கறுப்புப் பெண் 1976-இல் தன் வெள்ளைக்காரக் கணவன் கெவினோடு புதுவீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் எழுத்தாளர்கள். அன்றைக்கு அவளுக்கு இருபத்தாறாவது பிறந்தநாள். திடீரென்று தலை சுற்றுகிறது. கண் திறந்தால் ஆற்றில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். காப்பாற்றுகிறாள். கரையில் துப்பாக்கி முனை அவள் முகத்துக்கு நேராக நிற்கிறது. பயத்தில் உயிர் நடுங்கியதும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். அவள் போய்வந்தது மேரிலாந்தில் ஒரு அடிமைப் பண்ணை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். அந்தப் பையன் ரூஃபஸ், பண்ணை முதலாளியின் மகன். அவனுக்கு உயிராபத்து வரும்போதெல்லாம் இவள் இழுக்கப்படுகிறாள். தன் உயிருக்கு ஆபத்து என்று இவள் நம்பும்போது திரும்புகிறாள். ரூஃபஸ் யார் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோகிறது. அவளுடைய குடும்ப வேதாகமத்தில் ஹேகர் என்கிற முப்பாட்டியின் பெயர், 1831-இல் பிறந்தவள் என்று எழுதியிருக்கிறது. அப்பன் பெயர் ரூஃபஸ், ஆத்தாள் பெயர் ஆலிஸ். அந்த அப்பன் வெள்ளைக்காரன் என்று அவள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஹேகர் பிறக்கிற வரைக்கும் இவன் செத்துவிடக் கூடாது. செத்தால் டானா இல்லை.

மூன்றாவது தடவை போகும்போது கெவின் அவளைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவனும் கூடவே போய்விடுகிறான். அங்கே புருசன் பெண்டாட்டி என்று சொல்ல முடியாது. அவன் எசமான், அவள் அவனுடைய அடிமை என்று நடிக்கிறார்கள். முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன், அடுப்படியில் அவள். ஒரு கட்டத்தில் கெவின், வாழ்வதற்கு இது என்ன அருமையான காலம், மேற்கே போய் ஒரு தேசம் உருவாவதைப் பார்க்கலாமே என்கிற மாதிரி பேசுகிறான். கெவின் கெட்டவன் இல்லை. பட்லர் அவனைக் கெட்டவனாக எழுதியிருந்தால் நமக்கு வேலை சுலபமாகிப் போயிருக்கும். அவன் அவளை நேசிக்கிறான். அந்தக் காலத்திலேயே ஐந்து வருசம் மாட்டிக்கொண்டபோது தப்பியோடுகிற அடிமைகளுக்கு உதவுகிறான். ஆனாலும் ஒரே வீட்டிலிருந்து ஒரே காலத்துக்குப் போன இரண்டு பேரும் இறங்கிய இடம் ஒன்றல்ல. கல்யாணத்துக்கு முன்பு கெவின் தன் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்து தரச் சொல்கிறான். இவள் மாட்டேன் என்கிறாள். அவன் கோபித்துக்கொள்கிறான். பிறகு பண்ணையில் ரூஃபஸ் தன் கடிதங்களை எழுதித்தரச் சொல்கிறான். அங்கே மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இவனிடம் மறுக்க முடிந்தது, அவனிடம் முடியவில்லை என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனால் கேட்கிற தோரணை எங்கேயோ ஒன்றுபோல இருக்கிறது. கலப்பு மணத் தடைச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1967-இல். டானா புதுவீட்டுக்குக் குடிபோவதற்கு ஒன்பதே வருசம் முந்தி.

இனி ரூஃபசுக்கும் ஆலிசுக்கும் வருகிறேன். நாவலின் குடல் இங்கேதான் இருக்கிறது.

ஆலிஸ் சுதந்திரமாகப் பிறந்த கறுப்புப் பெண். ரூஃபசோடு சிறுவயதில் விளையாடியவள். வளர்ந்ததும் ஐசக் என்கிற அடிமையைக் கட்டிக்கொள்கிறாள். ரூஃபஸ் அவளைப் பலாத்காரம் செய்கிறான். ஐசக் அவனை அடித்துப் போட்டுவிட்டு அவளோடு ஓடுகிறான். பிடிபடுகிறார்கள். ஐசக்கின் காதுகளை அறுத்து விற்றுவிடுகிறார்கள். நாய்கள் குதறிய நிலையில் ஆலிஸை அடிமையாக விலைக்கு வாங்குகிறான் ரூஃபஸ். இத்தனைக்கும் நடுவில் டானாவிடம் அவன் சொல்கிறான், உன் காலத்தில் நான் பிறந்திருந்தால் அவளைக் கல்யாணமே செய்திருப்பேன் என்று.

காலப் பயணக் காதல் கதைகளின் மொத்தச் சமாதானமும் இந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. மனசு நல்ல மனசுதான், காலம்தான் கெட்டது. 1991-இல் வந்து உலகம் முழுக்க விற்ற 'அவுட்லேண்டர்' நாவலில் இருபதாம் நூற்றாண்டுச் செவிலி ஒருத்தி 1743-இன் ஸ்காட்லாந்துக்குப் போய் ஒரு வீரனைக் கட்டுகிறாள். அவன் அவளை பெல்ட்டால் அடிக்கிறான். அந்தக் காலத்து ஆம்பிளை அப்படித்தான் இருப்பான் என்று வாசகர்கள் வாதாடினார்கள். ரூஃபசுக்காகவும் அப்படி வாதாடலாம். அவன் ஆலிஸை நேசித்தான் என்பதை நான்கூட மறுக்கமாட்டேன். பட்லரும் மறுக்கவில்லை. அவளில்லாமல் அவனால் இருக்க முடியாது. ஆனால் மேரிலாந்துச் சட்டம் கல்யாணத்தைத்தானே தடுத்தது? விடுதலைச் சீட்டு எழுதித்தருவதைத் தடுக்கவில்லை. விடுதலை பெற்ற கறுப்பர்கள் அந்த மாநிலத்தில் ஏராளம். ஆலிஸே அப்படிப் பிறந்தவள்தான். அவன் எழுதித்தரவில்லை. தந்தால் போய்விடுவாள் என்று அவனுக்குத் தெரியும். இதில் காலத்தின் குற்றம் எங்கே இருக்கிறது?

'அந்தக் காலத்து மனுசன்' என்கிற வார்த்தையை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் இல்லை. எங்க பக்கத்துச் சேரிகளில் கிழவிகள் சொல்வார்கள். "ஆண்டை அடிப்பாருதான், என்ன பண்றது, அந்தக் காலத்து மனுசன்யா." சொல்லிவிட்டு வெற்றிலையை மடக்கிக்கொள்வார்கள். அதே ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகையில் என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். கொஞ்சம் சிவப்பாகப் பிறந்த பிள்ளையைப் பார்த்து 'ஆண்டை ஜாடை' என்று கேலி பேசியதும் அதே தெருக்கள்தான். கேலியில் அடிபடுவது ஆண்டை இல்லை, பிள்ளையும் அதன் ஆத்தாளும்தான். இஷ்டப்பட்டுத்தான் போனா என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வதும் உண்டு.

காலத்தின் பேரில் கிடைக்கிற இந்தச் சலுகை எப்போதும் ஒரு பக்கத்துக்கே கிடைக்கிறது. ஆண்டையைப் பற்றிப் பேசும்போது, அவருக்கு வேற எதுவும் தெரியாது, அந்தக் காலம் அப்படி என்கிறோம். அவரிடம் கைகட்டி நின்ற நம் தாத்தனைப் பற்றிப் பேசும்போது மட்டும் காலம் மறந்துபோகிறது. "துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு கும்பிடு போட்டாங்களே, ரோசமே இல்லியா?" என்று நம் பையன்கள் கூட்டங்களில் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். கோபம் நியாயமானது, விழுகிற இடம்தான் தப்பு. பட்லர் இந்த நாவலை எழுதியதே இப்படி ஒரு பேச்சைக் கேட்டுத்தான். கல்லூரியில் அவரோடு படித்த கறுப்பின இளைஞன் ஒருவன், நம்மை இவ்வளவு காலம் பின்னுக்கு இழுத்து வைத்திருந்த இந்தக் கிழடுகளைக் கொன்றால் என்ன என்கிற மாதிரி பேசினானாம். கறுப்பர் எழுச்சிக் காலத்துப் பையன். பட்லரின் அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர், பின்வாசல் வழியாகப் போய் வந்தவர். அந்தப் பின்வாசல் வருமானத்தில்தான் தான் சாப்பிட்டோம் என்பது பட்லருக்குத் தெரியும். அந்தப் பையனை மாதிரியான ஒரு ஆளை, இன்றைய படிப்போடும் இன்றைய ரோசத்தோடும் பண்ணைக்குள் அனுப்பிப் பார்த்தால் என்ன என்பதுதான் நாவலின் யோசனை.

அனுப்பிப் பார்க்கிறார். டானாவுக்கு வரலாறு தெரியும். அடிமைமுறை எந்த வருசம் ஒழியும் என்று தெரியும். அடிமைச் சிறுவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள், சவுக்கடி வாங்குகிறாள். ஒரு தடவை தப்பியோடுகிறாள். ஒரு ராத்திரிக்குள் பிடிபட்டுவிடுகிறாள். எழுத்து அறியாத ஐசக்கும் ஆலிசும் அவளைவிட அதிக நாள் தாக்குப்பிடித்தவர்கள். அடிமைத்தனத்துக்கு ஆட்களைப் பழக்குவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைக்கிறது. நம் கூட்டங்களில் கேள்வி கேட்கிற பையனை 1940-இன் பண்ணைக்கு அனுப்பினால் அவன் துண்டு எங்கே இருக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். என் துண்டைப் பற்றியும் சொல்லமாட்டேன்.

'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்கிறோமே, அந்த எல்லோரும் யார்? டானா போய் இறங்கிய மேரிலாந்துக் கிழக்குக் கரையில், டால்பட் வட்டாரத்தில்தான் 1818 வாக்கில் பிரெடரிக் டக்ளஸ் அடிமையாகப் பிறந்தார். 1838-இல் தப்பியோடினார். ஹேகர் பிறந்ததாக நாவல் சொல்கிற 1831-இல்தான் வர்ஜீனியாவில் நாட் டர்னரின் கலகம் நடந்தது. அடிமை ஒழிப்புப் பத்திரிகையை கேரிசன் பாஸ்டனில் தொடங்கியதும் அதே வருசம். அடிமைமுறை தப்பு என்று அந்தக் காலத்துக்கே தெரியும். சவுக்கு விழுந்த ஒவ்வொரு முதுகுக்கும் தெரியும். எல்லோரும் என்று கணக்கெடுக்கும்போது ஆலிஸை விட்டுவிட்டுக் கணக்கெடுக்கிறோம். ரூஃபசுக்குத் தீர்ப்புச் சொல்ல 1976-இலிருந்து ஒருத்தி போகவேண்டியதில்லை. ஆலிஸ் அங்கேயே, அந்தக் காலத்துக்குள்ளேயே நின்று, மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த மாட்டேனை டானா என்ன செய்தாள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. ஆலிஸைத் தன் படுக்கைக்கு வரச் சொல்லி டானாவைத் தூது அனுப்புகிறான் ரூஃபஸ். நீ பேசாவிட்டால் அடித்து இழுத்து வருவேன் என்கிறான். டானா போகிறாள். ஆலிஸிடம் ஒளிக்காமல் சொல்கிறாள்: போகலாம், அடிவாங்கிவிட்டுப் போகலாம், இல்லையென்றால் மறுபடி ஓடலாம். ஆலிஸ் போகிறாள். ஹேகர் பிறக்கிறாள்.

நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். டானாவுக்கு வேறு வழி என்ன, அவள் பிறக்கவேண்டுமே, ஒரு வம்சமே பிறக்கவேண்டுமே என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் பிறக்கவேண்டும் என்பது இன்னொருத்தியைப் படுக்கைக்கு அனுப்புவதற்கு நியாயம் ஆகாது. அவள் முப்பாட்டியாக இருந்தாலும் ஆகாது. அதே சமயம் டானாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் எனக்கு மனசில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு ராத்திரி நடந்திருப்பது அதுதான், கூடவே சவுக்கடியும். தூது போனதால் ஆலிசுக்குக் கிடைத்தது அடி இல்லாத ஒரு ராத்திரி. டானாவுக்குக் கிடைத்தது வம்சம். இந்த இரண்டும் சமமில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. குற்றம் ரூஃபசுடையது, லாபம் டானாவுக்கும் வந்தது. ஆண்டை ஜாடை என்று கேலி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர் உண்டு. தாங்கள் பிறந்த விதத்துக்காக அவர்கள் ஆண்டைக்கு நன்றி சொல்லவேண்டியதில்லை. ஆத்தாள்மேல் கோபப்படவும் வேண்டியதில்லை. அவளிடம் என்ன நடந்தது என்று கேட்கலாம். அவள் பேச விரும்பினால்.

ரூஃபசின் நேசம் கடைசியில் என்ன ஆகிறது? டானாவோடு பேசினான் என்பதற்காக ஒரு வயல்வேலைக்காரனை விற்றுவிடுகிறான். ஆலிஸ் மறுபடி ஓடியதற்குத் தண்டனையாகப் பிள்ளைகளை விற்றுவிட்டதாகப் பொய் சொல்கிறான். உண்மையில் பால்டிமோரில் அத்தை வீட்டில் விட்டிருக்கிறான். ஆலிஸ் தூக்கில் தொங்கிவிடுகிறாள். அப்புறம் அவன் டானாவின் பக்கம் திரும்புகிறான். அவனுக்கு இரண்டு பேரும் ஒரே பெண்ணின் இரண்டு பாதிகள்தான். டானா கத்தியை எடுக்கிறாள். அமெரிக்கா தன் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டு விழாவைக் கொண்டாடுகிற 1976 ஜூலை 4 அன்றைக்கு அவள் வீட்டுச் சுவருக்குள் சிக்கிய ஒரு கையை இழந்தபடி திரும்பி வருகிறாள். சாகிற ரூஃபஸ் பிடித்திருந்த கை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்று கௌசல்யாவையும் வெட்டியபோது, இருபத்தோராம் நூற்றாண்டிலுமா இப்படி என்று பலரும் எழுதினார்கள். நல்ல மனசோடுதான் எழுதினார்கள். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு தப்பித்தல் இருக்கிறது. கொலையைத் தூக்கி ஏதோ ஒரு பழைய நூற்றாண்டில் போட்டுவிட்டு, நம் நூற்றாண்டைக் கழுவி வைத்துக்கொள்கிறோம். வெட்டியவர்கள் காலப் பயணம் செய்து வந்தவர்கள் இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. சங்கர் பொறியியல் மாணவன். எல்லாரும் ஒரே நூற்றாண்டுக்காரர்கள்தான். ஐம்பது வருசம் கழித்து ஒரு கதாசிரியன், அது அந்தக் காலம், அப்படித்தான் இருந்தார்கள் என்று எழுதுவான். அப்போது அந்த எல்லோரிலும் கௌசல்யாவைச் சேர்ப்பானா?

நாவலின் முடிவுப் பகுதியில் டானாவும் கெவினும் 1976-இன் மேரிலாந்துக்கு விமானத்தில் போகிறார்கள். பண்ணை வீடு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பழைய பத்திரிகைகளைத் தேடுகிறார்கள். வீட்டில் தீப்பிடித்து ரூஃபஸ் இறந்துபோனதாக ஒரு செய்தி கிடைக்கிறது. கத்திக்குத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அவள் போனபின் பண்ணையில் இருந்த யாரோ தீ வைத்து மறைத்திருக்கவேண்டும். அதற்கப்புறம் அடிமைகளை விற்கிற அறிவிப்பு ஒன்று. பேரும் உத்தேச வயசும் தெரிந்த வேலையும் மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஹேகர் இல்லை, அவள் அண்ணன் ஜோவும் இல்லை. மற்றவர்கள் அநேகமாக எல்லோரும் இருக்கிறார்கள். சமையல்காரி சாரா இருக்கிறாள். அவள் பிள்ளைகளை ஏற்கனவே ஒவ்வொன்றாக விற்றாகிவிட்டது, பேசவராத கேரி ஒருத்தியைத் தவிர. கேரியின் மூன்று பையன்களும் பட்டியலில் இருக்கிறார்கள்.